மாடிப்படிக்கு அடியில் இருப்பது யார் பொறுப்பு?

போன மாதம் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் ஹாஸ்டல் பக்கம் ரவுண்ட்ஸ் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஃபேனுக்கு இருக்கிற ப்ளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அதிலிருந்து இன்னொரு எக்ஸ்டென்ஷன். பக்கத்தில் கழித்துப்போட்ட பஞ்சு மெத்தைகள் ஓர் ஆள் உயரத்துக்கு. வண்டி யாருடையது என்று கேட்டேன். "தெரியல சார், ராத்திரி வந்து போடுவாங்க, காலைல எடுத்துனு போயிடுவாங்க" என்றார் வாட்ச்மேன்.

வார்டனைக் கேட்டால், வண்டியெல்லாம் செக்யூரிட்டி பார்க்கணும் என்கிறார். செக்யூரிட்டியைக் கேட்டால், வண்டியில் கேம்பஸ் ஸ்டிக்கர் இருக்கிறது, உள்ளே விடுவதோடு எங்கள் வேலை சரி என்கிறார்கள். மெத்தை ஸ்டோருக்குப் போக வேண்டியது, ஸ்டோரில் இடம் இல்லை. ப்ளக் எலெக்ட்ரிகல் பிரிவு. எல்லாரும் சொன்னது நியாயம்தான், யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் நானூறு பிள்ளைகள் தூங்கும் கட்டிடத்தில் அந்த மாடிப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் நம் ஊரிலேயே, ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பற்றி எரிந்ததில் ஓர் அப்பாவும் மகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்கள். பல தீ விபத்துகளில் ஆளைக் கொல்வது தீயைவிடப் புகைதான். லித்தியம் பேட்டரி ஒருமுறை சூடேற ஆரம்பித்துவிட்டால் ஒரு செல் அடுத்த செல்லைப் பற்றவைத்துக்கொண்டே போகும், பவுடர் அடித்தால் தீ அணைந்த மாதிரி தெரிந்து கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பிடிக்கும், தண்ணீரை நிறைய ஊற்றிக் குளிரவைத்தால்தான் அடங்கும். அதுவும் மாடிப்படிக்கு அடியில் என்றால், படிக்கட்டு வழி அப்படியே புகைபோக்கி ஆகிவிடும். பிள்ளைகள் இறங்கி ஓடிவர வேண்டிய வழி அதுதான்.

நான் இந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். கேட்டில் ஐடி கார்டு பார்க்கிற வேலை இல்லை. தீ, ரசாயனம், கரண்ட், கழிவு, வெயில், இவற்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றே ஒன்று: ஆபத்தான பொருளைப் பார்த்து நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால். சொந்தக்காரர் இல்லாத பொருளைக் கண்டால்தான் வயிற்றைக் கலக்கும்.

கெமிஸ்ட்ரி லேப் அலமாரியின் கடைசித் தட்டைப் பாருங்கள். லேபிள் உதிர்ந்த பாட்டில் ஒன்று நிச்சயம் இருக்கும். கேட்டால், "அது ரிட்டயர் ஆன சார் வெச்சது, தொடாதீங்க" என்பார்கள். ஒருமுறை அப்படி ஒரு பாட்டிலில் பிக்ரிக் அமிலம் என்று பென்சிலில் எழுதியது அரைகுறையாகத் தெரிந்தது. ஈரமாக இருக்கும்வரை பெரிய பிரச்சினை இல்லை. காய்ந்துவிட்டால் வெடிமருந்து. மூடியின் மரையில் தூள் ஒட்டியிருந்தால் திருகும் உராய்வே போதும். லேப் அசிஸ்டென்ட் அதைத் திறந்து பார்க்கக் கையை நீட்டினார், நான் கத்திய கத்தலில் வராண்டாவில் போன பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். அறையைப் பூட்டி, இதைக் கையாளத் தெரிந்த ஆட்களை வரவழைத்து எடுத்தோம். பழைய ஈதர் பாட்டிலும் இதே ரகம், திறந்து வருஷக்கணக்கில் வைத்தால் உள்ளே பெராக்சைடு சேரும்.

லைப்ரரியில் இருநூறு ரூபாய் புத்தகம் ஒன்று திரும்பி வரவில்லை என்றால் நோ டியூஸ் கையெழுத்துக் கிடைக்காது, சர்டிபிகேட் கிடைக்காது. ஆனால் பிஎச்டி முடித்துப் போகிற ஆள், பெயர் தெரியாத திரவம் பத்து பாட்டில் விட்டுவிட்டுப் போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இப்போது எங்கள் நோ டியூஸ் படிவத்தில் லேப் அலமாரிக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். சேர்க்க வைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது, அது தனிக்கதை.

இன்னொன்று, குரோமிக் அமிலம். கண்ணாடிக் குடுவை கழுவ, பொட்டாசியம் டைக்ரோமேட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்து வைக்கிற அந்தச் செம்பழுப்புத் திரவம். நம் மாவட்டத்தில் தோல் தொழிற்சாலைகளைத் திட்டாத ஆள் கிடையாது, பாலாறு போச்சு, கிணறு போச்சு என்று நாமும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் தோல் பதனிடப் போடுவது பெரும்பாலும் மூன்று இணைதிற குரோமியம், ஒப்பிட்டால் விஷம் குறைந்த ரகம். லேப் சிங்க்கில் நாம் ஊற்றுவது ஆறு இணைதிறன், புற்றுநோய் தரும் என்று உறுதியான ரகம். பாலாற்றைப் பற்றி செமினார் நடத்திவிட்டு மாடிக்குப் போய் அதை சிங்க்கில் கொட்டினால் என்ன சொல்வது? சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலே பெரும்பாலான குடுவை சுத்தமாகிவிடும். மிச்சமிருப்பதைக் கேனில் சேர்த்து, லேபிள் ஒட்டி, தொண்ணூறு நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 2016 அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. இங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகிறது. வண்டி வாடகை யார் பட்ஜெட் என்பதில்தான் எப்போதும் சிக்கல்.

ஹைட்ரஜன் சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டச் சொன்னால் சிரிப்பவர்களிடம் 2018 டிசம்பரில் பெங்களூரு ஐஐஎஸ்சியில் நடந்ததைச் சொல்வேன். நாட்டின் முதல் வரிசை ஆய்வுக்கூடத்தில், சிலிண்டர் வெடித்து ஓர் ஆராய்ச்சியாளர் உயிர் போனது. அதற்கப்புறம் சிரிப்பதில்லை.

ஃபயர் சிலிண்டர் விஷயம் சுருக்கமாக. பவுடர் சிலிண்டரில் மீட்டர் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரியும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் மீட்டரே கிடையாது, எடை போட்டால்தான் தெரியும், பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில். எடை மெஷின் இல்லாமலே டேக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற சர்வீஸ் ஆளை ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தேன். ஐயா பாவம், கோபப்படவில்லை, "எல்லா எடத்துலயும் இப்படித்தான் சார்" என்றார்.

பூட்டிய கதவு என்றால் எனக்குப் பொறுக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் போனார்கள், தப்பிக்கிற வழி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த நாள் அது. இருந்தும் எங்கள் முதல் மாக் டிரில்லில் பின்பக்கப் படிக்கட்டுக் கதவுக்குச் சாவி கிடைக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள் என்றுதான் பூட்டினோம் என்றார்கள். வெளியே போகத்தானே கதவு!

கத்திரி வெயில் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் இங்கே 40 டிகிரி தாண்டுவது செய்தியே இல்லை. ஏசி அறையில் உட்கார்ந்து நான் போடுகிற சர்க்குலர், மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டுகிற கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போய்ச் சேராது. மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை மேலே ஏறக்கூடாது என்று மேஸ்திரியிடம் நேரில் சொல்லி, நேரில் போய்ப் பார்த்தால்தான் நடக்கும். உளற ஆரம்பித்தால், நிற்க முடியாமல் தள்ளாடினால், நிழலுக்கு இழுத்து உடம்பை நனைத்து விசிற வேண்டும், கூடவே 108. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படியே குற்றம். அழுகிய முட்டை வாடை இல்லை, அதனால் வாயு இல்லை என்று ஒரு மேஸ்திரி என்னிடம் வாதாடினார். அந்த வாடை தருகிற ஹைட்ரஜன் சல்பைடு வாயு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், வாடை தெரியாது. முதல் ஆள் விழுவார், அவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் விழுவார். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்து தொழிலாளர்கள் செத்தார்கள். அந்த இடத்தில் ஆட்கள் படுக்கிறார்கள் என்பதைக் கவனிப்பது யாருடைய வேலையாக இருந்தது என்று இன்றுவரை யோசிப்பேன்.

நாங்கள் செய்தது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு தளத்திலும், படிக்கட்டு அடிப்பகுதி உட்பட, ஒரு பலகை: ஒரு பெயர், ஒரு செல் நம்பர். துறையின் பெயர் கூடாது, ஆளின் பெயர். லீவில் போனால் பெயரை மாற்றிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் வாரம் மூன்று பேர் என்னிடம் பேசவில்லை. இரண்டாம் வாரம் மெத்தைகள் காணாமல் போயின, எங்கே போயின என்று நான் கேட்கவில்லை.

ஸ்கூட்டர் எங்கள் எலெக்ட்ரிகல் பிரிவு ஆளுடையதுதான் என்று அப்புறம் தெரிந்தது. கட்டிடத்திலிருந்து தள்ளி, புங்க மரத்துக்குப் பக்கத்தில் தகர ஷெட் போட்டு, தனி பிரேக்கரோடு சார்ஜிங் பாயின்ட் வைத்தாகிவிட்டது, இப்போது ஏழெட்டு வண்டி அங்கேதான் நிற்கிறது. அந்த ஷெட்டின் கரண்ட் பில் யார் கணக்கில் என்ற ஃபைல் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.