யார் வழிவிடுவார் என்று பத்து மாதக் குழந்தைக்குத் தெரியும்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. அக்கா மகன் வந்து பொம்மையைப் பிடுங்கினால் பேசாமல் விட்டுவிடுகிறாள். தன் வயதுக் குழந்தை கை வைத்தால் வீடே அதிரும்படி கத்துகிறாள். யாரிடம் மோதலாம், யாரிடம் மோதக் கூடாது என்பதெல்லாம் இந்த வயதில் புரியுமா?"

அவர் மகள் மனதில் என்ன ஓடுகிறது என்று இங்கே இருந்து சொல்ல முடியாது. அண்ணனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருக்கலாம். ஆனால் பொதுவாகக் கேட்டால், ஆம், புரியும். பேச்சு வருவதற்கு முன்பே புரியத் தொடங்கிவிடுகிறது.

பேசாத குழந்தையிடம் இதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது? வழி எளிமையானது. எதிர்பார்த்தது நடந்தால் குழந்தை சீக்கிரம் பார்வையைத் திருப்பிக்கொள்ளும். எதிர்பாராதது நடந்தால் கூடுதல் நேரம் உற்றுப் பார்க்கும். அந்த நேரத்தை அளந்தால் போதும்.

லோட்டே தாம்சென் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த முறையில் செய்ததுதான். கண்ணும் வாயும் வரைந்த இரண்டு கட்டைகள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. ஒன்று இடமிருந்து வலமாகப் போகும், மற்றது வலமிருந்து இடமாக. தனியாகப் போகும்போது தடையில்லை. அப்புறம் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி நடுவில் முட்டிக்கொள்கின்றன. ஒன்று தலைகுனிந்து ஒதுங்க, மற்றது கடந்து போகிறது. பெரியது சிறியதற்கு வழிவிட்டபோது, பத்து மாதமும் அதற்கு மேலும் ஆன குழந்தைகள் கூடுதல் நேரம் பார்த்தார்கள். எட்டு மாதக் குழந்தைகளிடம் அந்த வேறுபாடு இல்லை. மொத்தம் ஐந்து சோதனைகள், 144 குழந்தைகள்.

எட்டு மாதத்தில் எதுவுமே தெரியாது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். உருவத்தைத் தவிர வேறு குறிப்புகளும் உண்டு. கனடாவில் அந்தியா புன் குழுவினர் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், திரையில் ஒரு பக்கம் மூன்று கார்ட்டூன் உருவங்கள், மறுபக்கம் இரண்டு. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஒருவர் வந்து நேருக்கு நேர் நிற்கிறார்கள். கூட்டம் பெரிதாக உள்ள பக்கத்து ஆள்தான் முந்துவார் என்று ஆறு மாதக் குழந்தைகளே எதிர்பார்த்தார்கள். இந்தக் கணக்கு மனிதருக்கு மட்டும் உரியதல்ல. தான்சானியாவின் செரெங்கெட்டியில் பெண் சிங்கங்களுக்கு அந்நியச் சிங்கங்களின் கர்ஜனையை ஒலிபரப்பிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குரல் கேட்டால் நெருங்கிப் போகும் சிங்கங்கள், மூன்று குரல் சேர்ந்து கேட்டால் தயங்கின.

சரி, வலிமையைக் கணிப்பது விலங்குகளுக்கும் தெரிந்த வித்தை. என்னை உண்மையில் அசத்துவது அதற்கு அடுத்த படி.

இத்தாலியின் ட்ரென்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்செஸ்கோ மார்கோனியும் லூகா சூரியனும், அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ரெனே பய்யார்ஜோனும் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்த்தவர்கள் 21 மாதக் குழந்தைகள். திரையில் கார்ட்டூன் உருவங்கள் மூன்று பந்து விளையாடிக்கொண்டிருக்கின்றன. அங்கே புதிதாக ஒருவர் வருகிறார். ஒரு கதையில் மூவரும் அவருக்கு மரியாதையோடு தலைவணங்குகிறார்கள். இன்னொரு கதையில் அவர் கையில் தடி. மூவரையும் அடித்துப் பந்தைப் பிடுங்கிக்கொள்கிறார். பிறகு இரண்டு கதையிலும் அவர் ஒரே உத்தரவைப் போடுகிறார்: தூங்கப் போகும் நேரம் ஆகிவிட்டது. மூவரும் வீட்டுக்குள் போகிறார்கள்.

இதுவரை வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. தலைவருக்கும் கீழ்ப்படிந்தார்கள், அடியாளுக்கும் கீழ்ப்படிந்தார்கள். இந்த இடத்தில் ஆய்வாளர்கள் செய்தது ஒரே ஒரு காரியம். உத்தரவு போட்டவரைத் திரையை விட்டு வெளியே அனுப்பினார்கள்.

அவ்வளவுதான். மரியாதையும் பயமும் பிரிவது சரியாக அந்த நொடியில்தான். தலைவர் போன பிறகு மூவரும் வெளியே வந்து விளையாடினால், குழந்தைகள் வியந்து நெடுநேரம் பார்த்தார்கள். அவர் இல்லாவிட்டாலும் அவர் சொல் நிற்கும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. அடியாள் கதையில், அவர் போன பிறகும் மூவரும் உள்ளேயே இருப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு குழந்தைகளிடம் இல்லை. அவர் அங்கேயே நின்றால் மட்டும், மறுபடி அடி விழும் என்பதால், கீழ்ப்படிவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். இனிமையாகப் பழகும், ஆனால் அதிகாரம் எதுவும் இல்லாத ஒருவர் அதே உத்தரவைப் போட்டும் பார்த்தார்கள். அவர் போன பின்னும் சொல் நிற்கும் என்று குழந்தைகள் எதிர்பார்க்கவில்லை. ஆக, 'பிடித்தவர் சொன்னால் கேட்பார்கள்' என்ற எளிய விளக்கமும் அடிபட்டுப் போகிறது.

யோசித்துப் பாருங்கள். கீழ்ப்படிதல் என்ற ஒரே செயலுக்குப் பின்னால் இரண்டு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதையும், அதில் ஒரு காரணம் ஆள் நகர்ந்தால் தானும் நகர்ந்துவிடலாம் என்பதையும், இரண்டு வயது நிரம்பாத குழந்தை புரிந்துவைத்திருக்கிறது. அரசியல் தத்துவ வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் பேசும் விஷயம் இது.

'அடியாத மாடு படியாது' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தச் சோதனையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். குழந்தைகள் இங்கே கணித்தது கார்ட்டூன் உருவங்களின் நடத்தையைத்தான், தங்கள் நடத்தையை அல்ல. இருந்தாலும் தடி வைத்திருப்பவரின் அதிகாரம் அறைக்கதவைத் தாண்டாமல் போகலாம் என்று அந்த வயதிலேயே தெரிகிற ஒருவரைத்தான் நாம் தடியால் வளர்க்கப் பார்க்கிறோம்.

புரிந்துகொள்வது ஒன்று, விரும்புவது வேறு. 2018-லேயே வந்த இன்னோர் ஆய்வில், 21 முதல் 31 மாதக் குழந்தைகளுக்கு இரண்டு பொம்மைகளின் மோதலைக் காட்டினார்கள். ஒன்று தானாக வழிவிட்டால், வென்ற பொம்மையைத்தான் பெரும்பாலான குழந்தைகள் விரும்பினார்கள். வென்றது மற்றதைத் தள்ளிவிட்டு வென்றிருந்தால், அதை ஒதுக்கினார்கள். நமக்கு மிக நெருங்கிய உறவான போனோபோ குரங்குகள் இப்படி இல்லை. உதவுபவரைவிட, இடையூறு செய்து ஆதிக்கம் காட்டுபவர் பக்கம்தான் அவை சாய்வதாக அதே ஆண்டு இன்னொரு குழு வெளியிட்டது.

இந்த நல்ல செய்தியோடு ஒரு கசப்பும் உண்டு. பிரான்ஸ், லெபனான், நார்வே மூன்று நாடுகளிலும் மழலையர் வயதுக் குழந்தைகளுக்கு, ஆணா பெண்ணா என்று தெரியாத இரண்டு உருவங்களின் படத்தைக் காட்டினார்கள். ஒன்று அதிகாரத் தோரணையில், மற்றது பணிந்து நிற்கிறது. இதில் யார் பையன் என்று கேட்டபோது, நான்கு வயதிலிருந்தே குழந்தைகள் அதிகாரத் தோரணையைக் கை காட்டினார்கள். நார்வேயிலும் அப்படித்தான்.

இத்தனையும் சில டஜன் குழந்தைகளை வைத்துச் செய்யும் சோதனைகள், பெரும்பாலும் வசதியான நாடுகளில். உதவுபவரைக் கைக்குழந்தைகள் விரும்புவார்கள் என்று 2007-ல் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகச் சோதனையை 37 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து அண்மையில் திரும்பச் செய்தபோது, அந்த விருப்பம் தென்படவில்லை. அதனால் துறையே பொய் என்று ஆகாது. ஒவ்வொரு முடிவையும் பல ஊர்களில் பல குழந்தைகளிடம் திரும்பச் சோதிக்க வேண்டும், அதற்குப் பணம் தர வேண்டும் என்று ஆகும். ஒரு திரை, ஒரு கேமரா, அம்மா மடியில் உட்கார ஒரு நாற்காலி. ராக்கெட் அளவுக்கு இதற்குச் செலவு இல்லை. பெரியவர் காலில் விழுவதையும், மாமா வந்ததும் எழுந்து நிற்பதையும் நாள்தோறும் பார்க்கும் நம் குழந்தைகள், அந்தத் தலைவரும் அடியாளும் வரும் காட்சியை எந்த வயதில் பிரித்தறிகிறார்கள் என்று அளக்க நம் பல்கலைக்கழகங்களே நிதி ஒதுக்க வேண்டும். அங்கன்வாடிகளிலேயே இதைத் தொடங்கலாம்.