வௌவால் கத்தும், அந்துப்பூச்சி கேட்கும்

கல்லடிப் பாலத்தடியில் துடுப்பை வாவிக்குள் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்துப் பாடும் மீனைக் கேட்பது மட்டக்களப்பில் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே நேரம் தலைக்கு மேல் பறக்கிற சின்ன வௌவால் தொண்டை கிழியக் கத்துவது ஒருத்தருக்கும் கேட்காது. பிப்பிஸ்ட்ரெல் வகை வௌவாலின் சத்தம் 40 கிலோ ஹேர்ட்ஸ் பக்கம், எங்கள் காது 20 உடன் சரி.

ஆனால் அதைக் கேட்கிற ஓர் ஆள் இருக்கிறது. 2018 இல் அம்பாறைச் சோளத்தைப் பதம் பார்த்த சேனா படைப்புழு நினைவிருக்கும்தானே, அது அந்துப்பூச்சியாக மாறியதும் நெஞ்சின் இரண்டு பக்கமும், பின் சிறகு தொடங்கும் இடத்துக்குக் கிட்ட, ஒவ்வொரு காது இருக்கும். ஒரு காதுக்கு ஒலியுணரும் நரம்புக் கலங்கள் இரண்டே இரண்டுதான். எங்களுக்கு ஆயிரக்கணக்கில்!

இந்தக் குடும்பத்து அந்துப்பூச்சிகளின் காது நரம்பில் மின்வாய் வைத்து 1950களில் ஆராய்ந்தவர் அமெரிக்கரான கென்னத் ரோடர். முதல் கலம் மெல்லிய சத்தத்துக்கே துடிக்கும், வௌவால் முப்பது மீற்றர் தள்ளி வரும்போதே பூச்சி சத்தமில்லாமல் திசை மாற்றிப் போய்விடும். இரண்டாவது கலம் சத்தம் பலமானால்தான் எழும்பும், அதாவது எதிரி தலைக்கு மேல். அந்த நேரம் திசை பார்த்து வேலையில்லை, பூச்சி கண்டபடி சுழன்று நிலத்தை நோக்கி விழுந்துவிடும்.

வௌவாலுக்கு முந்திப் பூச்சிக்குத் தெரிவது எப்படி? வௌவாலின் சத்தம் பூச்சியில் பட்டுத் திரும்பி வரவேண்டும், போகும்போதும் தேயும், வரும்போதும் தேயும், அதனால் சில மீற்றருக்குள் வந்த பூச்சிதான் அதற்குப் பிடிபடும். பூச்சிக்கோ ஒருவழிப் பயணம் போதும். அப்புறம் வேகத்தில் வௌவால்தான் கெட்டி: இரையை நெருங்கியதும் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் கத்தி, வால் சவ்வால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோகும்.

மற்றபடி இரண்டுக்கும் ஒட்டே இல்லை. வௌவால் ஒன்றோ இரண்டோ குட்டி போட்டுப் பால் கொடுத்துப் பல வருடம் வாழும். அந்துப்பூச்சியானபின் இதற்கு வாழ்வு ஒன்றிலிருந்து மூன்று கிழமை வரைதான், அதற்குள் ஆயிரத்துக்கு மேல் முட்டை. எத்தனையை வௌவால் தின்றாலும் சோளக்காரருக்குக் கவலை தீராததற்கு இதுவும் காரணம்.

பாதரச ஆவித் தெருவிளக்கின் கீழே மட்டும் இந்தத் தந்திரம் சரியாகப் பலிக்காது, பல பூச்சிகள் அங்கே விழுந்து தப்புவதில்லை. அதனால் சோதித்துப் பார்ப்பதென்றால் விளக்கை விட்டு எட்ட, தோட்டத்தில் பறக்கிற அந்துப்பூச்சிக்குப் பக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். சாவிகள் மோதும்போது எங்களுக்குக் கேட்காத உயர் சத்தமும் கிளம்பும், காதுள்ள வகையென்றால் பெரும்பாலும் சட்டென்று கீழே விழும்.