விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாம்

உடற்பயிற்சியை யாரும் ஒரேயடியாகக் கைவிடுவதில்லை. காய்ச்சல், கல்யாணம், பிள்ளைகளின் பரீட்சை என்று இரண்டு வாரம் விட்டுப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், திரும்பி வரும் முதல் நாள்தான். பழைய எடையையே எடுத்து, பழைய கணக்கில் மூன்று செட்டும் (நிறுத்தாமல் பல முறை தூக்கும் ஒரு சுற்றுதான் செட்) போடுவார்கள். மறுநாள் படிக்கட்டு இறங்க முடியாது. வலி அடங்குவதற்குள் ஆர்வமும் அடங்கிவிடும்.

ஏன் இப்படி? இரண்டு வாரம் ஓய்ந்தால் மூச்சுத் திறன் குறையத் தொடங்கும். தசைபலமோ மூன்று வாரம் வரை பெரிதாகக் குறையாது. அதனால் எடையைத் தூக்க முடிகிறது. ஆனால் ஸ்குவாட்டில் (உட்கார்ந்து எழும் பயிற்சி) கீழே இறங்கும்போதும் டம்பெல்லை இறக்கும்போதும் தசை நீண்டபடியே சுமை தாங்குகிறதே, அந்தப் பழக்கம் விட்டுப்போயிருக்கும். வலி வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும்.

நாங்கள் சொல்லும் கணக்கு இது. ஒரு வாரம் விட்டிருந்தால் அதே எடை, ஆனால் மூன்று செட்டுக்குப் பதில் இரண்டு. இரண்டு மூன்று வாரம் என்றால், 40 கிலோவில் ஸ்குவாட் போட்டவர் 28 கிலோவில் தொடங்கி, அடுத்த வாரம் 34, அதற்கடுத்த வாரம் 40 என ஏறலாம். ஒரு மாதத்தைத் தாண்டினால் பாதி எடை. எப்படியானாலும், இன்னும் மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை நிறுத்துங்கள்.

டெங்கு, சிக்குன்குனியாவுக்குப் பிறகு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்லும்வரை எடை பக்கமே போக வேண்டாம். கடும் தசைவலியுடன் சிறுநீர் டிகாஷன் நிறத்தில் போனால் அது சாதாரண உடம்புவலி அல்ல. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

வேலை நெருக்கும் வாரங்களில் முழுதாக விடுவதற்குப் பதில் அளவைக் குறையுங்கள். வாரம் இரண்டு நாள், 20 நிமிடம், வழக்கமான எடையிலேயே ஒவ்வொரு பயிற்சியிலும் ஒரு செட். சில வாரங்களுக்குப் பலத்தைத் தக்கவைக்க இது போதும். குறைக்க வேண்டியது செட்டுகளைத்தான், எடையை அல்ல. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நடைப்பயிற்சியையும் துண்டு துண்டாகச் செய்யலாம்: ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020இல் நீக்கிவிட்டது. பேருந்து நிறுத்தம்வரை வேகமாக நடக்கும் ஆறு நிமிடமும், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்று அந்த நிறுவனம் சொல்லும் கணக்கில் சேரும்.