யாழ்ப்பாணத்து நாவலும் வெளிநாட்டுப் படைப்புதான்

சேலம் புத்தகத் திருவிழா நெருங்கினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். “சார், இது லண்டனில் வந்த புத்தகம். இந்தியாவில் காப்பிரைட் பதிவே பண்ணலை. நாங்க தமிழில் போட்டுட்டோம். இப்ப நோட்டீஸ் வந்திருக்கு, செல்லுமா?”

செல்லும். ஆயிரம் பிரதி அடித்து செவ்வாய்ப்பேட்டை குடோனில் அடுக்கிய பிறகு கேட்பதை, டிடிபிக்குக் கொடுக்கும் முன்பே கேட்டிருக்கலாம்.

இந்தப் ‘பதிவு’ மூடநம்பிக்கையை முதலில் ஒழிக்க வேண்டும். காப்புரிமைக்கு, அதாவது காப்பிரைட்டுக்கு, பதிவு தேவையில்லை. இந்தியப் புத்தகத்துக்கும் தேவையில்லை, வெளிநாட்டுப் புத்தகத்துக்கும் தேவையில்லை. எழுதி முடித்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. டெல்லியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் செய்யும் பதிவு, வழக்கு வந்தால் காட்டுவதற்கான ஒரு சான்று, அவ்வளவுதான். நிலப்பத்திரம் மாதிரி பதிந்தால்தான் சொத்து என்று இதை நினைக்காதீர்கள். நாடுகள் ஒன்றின் படைப்புகளை மற்றொன்று காக்கச் செய்துகொண்ட பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே இதுதான்: எந்தச் சடங்கும் இல்லாமல் உரிமை கிடைக்க வேண்டும். இந்தியா 1928 முதல் அதில் உறுப்பினர். © குறி இல்லை, ‘ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்’ என்ற வரி இல்லை, ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் இல்லை என்பதெல்லாம் எடுத்துக்கொள்ள அனுமதி ஆகாது. இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைப்பதும் அனுமதி ஆகாது.

1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, வெளிநாட்டுப் படைப்புகளுக்கும் நம் சட்டத்தை நீட்டிக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்படி வந்ததுதான் 1999-இன் சர்வதேச காப்புரிமை ஆணை. பெர்ன் உறுப்பு நாடுகளிலும் உலக வர்த்தக அமைப்பு நாடுகளிலும் முதலில் வெளியான புத்தகத்தை, சேலத்தில் முதலில் வெளியானதைப் போலவே நம் நீதிமன்றம் பார்க்கும். இதைக் கேட்டதும் பலரும் இங்கிலாந்து, அமெரிக்காவைத்தான் நினைக்கிறார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் பெர்ன் உறுப்பினர்கள்தான். யாழ்ப்பாணத்து நாவலையும் கோலாலம்பூர் சிறுகதைத் தொகுப்பையும் “நம்ம தமிழ்தானே” என்று எடுத்துப் போடுவதும் அதே குற்றம்தான். தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவர்களின் பட்டியல் தனி. அதில் பெயர் இல்லாதவரை ‘பழைய எழுத்தாளர்’ என்று நீங்களாகச் சேர்க்க முடியாது.

காலக்கணக்கில்தான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டு. 1964-இல் இறந்த இலங்கை எழுத்தாளரின் புத்தகத்தை 2025 ஜனவரி முதல் இங்கே யாரும் அடிக்கலாம். ஆனால் இலங்கைச் சட்டத்தில் 70 ஆண்டு. அதனால் அதே பிரதிகளைப் பெட்டி கட்டி கொழும்புக்கு அனுப்பினால் 2034 முடியும்வரை அங்கே சிக்கல். மலேசியாவில் நேர்மாறு, அங்கே 50 ஆண்டுதான். சொந்த நாட்டில் முடிந்த உரிமை இங்கே அதைத் தாண்டி ஓடாது என்று 40-ஆவது பிரிவே சொல்கிறது. 1972-இல் இறந்த மலேசிய எழுத்தாளருக்கு அங்கே 2022-உடன் முடிந்துவிட்டதால் இங்கேயும் முடிந்தது, 2032 வரை காத்திருக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஆசிரியர் இறந்த பிறகு முதன்முதலில் வெளியான கடிதங்கள், நாட்குறிப்புகளுக்கு 60 ஆண்டு என்பது வெளியான ஆண்டை வைத்துத்தான்.

ருஷ்ய நாவல்களைத் தமிழில் போடுவோர் இன்னொரு குழியில் விழுகிறார்கள். மூல ஆசிரியர் இறந்து நூறாண்டு ஆகிவிட்டது, சரி. தமிழாக்கம் எதிலிருந்து? ஆங்கிலத்திலிருந்து. அந்த ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. கான்ஸ்டன்ஸ் கார்னெட் 1946-இல் இறந்தவர், அவருடைய ஆங்கிலத்தை வைத்துச் செய்தால் இங்கே பிரச்சினை இல்லை. கடையில் பளபளவென்று கிடைக்கும் புது மொழிபெயர்ப்பை வைத்துச் செய்தால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அட்டைக்கு கூகுளில் தேடி எடுக்கும் புகைப்படத்துக்கும் ஓர் உரிமையாளர் எங்கோ இருக்கிறார்.

அனுமதி கேட்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. முகப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டி உரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். டெல்லியில் ஆங்கிலப் பதிப்பை விற்கும் நிறுவனத்திடம் தமிழ் உரிமை இருக்கும் என்று எண்ண வேண்டாம், பெரும்பாலும் அது ஆசிரியரின் ஏஜெண்டிடம் இருக்கும். கடிதத்தில் எந்தப் பதிப்பு, அச்சா மின்நூலா ஒலிநூலா, எத்தனை பிரதி, என்ன விலை என்று எல்லாம் எழுதுங்கள். பிரதி எண்ணிக்கையில் பெருமை பேசாதீர்கள், முன்பணம் அதை வைத்துத்தான் கேட்பார்கள். 500 பிரதி, 300 ரூபாய் விலை, 7 சதவீத ராயல்டி என்றால் 10,500 ரூபாய். 3,000 பிரதி என்று அளந்துவிட்டால் 63,000. பதில் வராவிட்டால் அது சம்மதம் இல்லை.

ஒப்பந்தத்தில் காலமும் எல்லையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்றே வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர் வாசகருக்கு மின்நூல் விற்கும் எண்ணம் இருந்தால் அதுவும் வர வேண்டும். ராயல்டியை வரி பிடித்து வங்கி வழியாகத்தான் அனுப்ப வேண்டும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமையாளர் மறுத்தாலோ, தேடியும் கிடைக்காவிட்டாலோ 32-ஆவது பிரிவின்படி மொழிபெயர்ப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் பதிப்பு வந்து 7 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வெளிநாட்டு நூலைக் கற்பித்தலுக்கோ ஆய்வுக்கோ கேட்டால் அதைவிடக் குறைந்த காலம் போதும். 7 ஆண்டு வழியில் போகும்போது உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால், புத்தகத்தில் பெயருள்ள பதிப்பகத்துக்குப் பதிவு விமானத் தபாலில் கோரிக்கையின் நகலை அனுப்பி, விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் விட வேண்டும். அந்த ரசீது இல்லாமல் வந்து நிற்காதீர்கள்.

“வெள்ளைக்காரன் அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கா வரப்போறான்?” என்று சிரிப்பவர்களுக்கு: அவன் வரவேண்டியதில்லை, அவன் வக்கீல் வந்தால் போதும். தெரிந்தே மீறினால் 63-ஆவது பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது. பிரதிகளைப் பறிமுதல் செய்ய ஒரு சப்-இன்ஸ்பெக்டர் போதும்.

‘சர்வதேச காப்பிரைட் பதிவு’ செய்து தருகிறோம் என்று உள்ளூர் எழுத்தாளர்களிடம் பணம் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு பதிவே உலகத்தில் கிடையாது. ஓமலூரில் எழுதிய கவிதைக்கு கனடாவிலும் காப்பு தானாகவே உண்டு. தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவில் அமெரிக்க இசை நாடகத்தை மாணவர்கள் நடிப்பதற்கு 52-ஆவது பிரிவு விலக்குத் தருகிறது. பார்ப்பவர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரைதான் அந்த விலக்கு. கோடை விழாக் கூட்டத்துக்கு டிக்கெட் போட்டு அதே நாடகத்தை மேடையேற்றினால் அது போய்விடும். பள்ளியின் யூடியூப் சேனலில் முழு நாடகத்தையும் ஏற்றுவதும் அப்படித்தான். ஏற்றியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அனுமதிக் கடிதம் வந்த பிறகு மறுபடி போட்டுக்கொள்ளலாம்.