எகிப்துக்கு முன்பணம் கட்டும் முன் முழங்காலைப் பாருங்கள்

"பையன் எகிப்துக்கு டிக்கெட் போட்டுட்டான் டாக்டர், அடுத்த வாரம் கிளம்புறோம். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க." மதுரையில் பொதுநல மருத்துவம் பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. ஆசை நியாயமானது. பள்ளிக்கூடப் பாடத்தில் படித்த பிரமிடை அறுபது வயதுக்கு மேல் நேரில் பார்க்கப் போகிறார்கள். ஆனால் என்னிடம் வரவேண்டிய நேரம் பணம் கட்டுவதற்கு முன்னால், பயணத் திட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

கீசாவில் இருக்கும் கூஃபுவின் பெரிய பிரமிடுக்குள் போகத் தனி டிக்கெட். உள்ளே ஏறுபாதையின் உயரம் சுமார் 4 அடிதான். குறுக்குச் சட்டம் அடித்த பலகைமேல் குனிந்தபடியே கிட்டத்தட்ட 40 மீட்டர் சரிவில் ஏற வேண்டும். அப்புறம் பெரிய கூடம் வரும், அங்கே நிமிரலாம். ஏற்றம் மட்டும் விடாது. காற்றோட்டம் குறைவு, புழுக்கம். மேலே அரசனின் அறையில் இருப்பது காலியான ஒரு கருங்கல் பேழை. இதய நோய், ஆஸ்துமா, தேய்ந்த மூட்டு உள்ளவர்கள் இதை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். வெளியே நின்று பார்த்தாலே மனசு நிறையும்.

லக்சரில் அரசர்களின் பள்ளத்தாக்கு வேறு மாதிரி. சாதாரண டிக்கெட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம். சில கல்லறைகளுக்குத் தனிக் கட்டணம். மூன்றாம் துட்மோஸின் கல்லறை பாறை இடுக்கில் உயரத்தில் இருக்கிறது. இரும்புப் படியில் ஏறி, உள்ளே மறுபடியும் செங்குத்தாக இறங்க வேண்டும். ஆறாம் ராமசேஸின் கல்லறைக்குத் தனி டிக்கெட் என்றாலும் பாதை நீளமாக, மெல்லச் சரிந்து போகிறது. பேழை இருக்கும் அறையின் கூரை முழுக்க வான தேவதை நூத்தின் ஓவியம். மூட்டு வலிக்காரர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் கால் தாங்குமா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. விடியற்காலையில் மதுரைக்குப் பக்கத்திலுள்ள கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போய், படி ஏறிப் பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். ஏறும்போது மூச்சு சொல்லும், இறங்கும்போது முழங்கால் சொல்லும். நெஞ்சில் இறுக்கம் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட்டு, நேராக மருத்துவரிடம் போங்கள். மறுநாள் காலையில் மூட்டு வீங்கினால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்த நடைக்கு எந்த ஷூவைப் போட்டீர்களோ அதையே எகிப்துக்கும் போடுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குப் புது ஷூ கடித்தால் வலியே தெரியாது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போதுதான் ரத்தம் தெரியும். தினமும் இரவு உள்ளங்காலை யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

"மதுரை வெயிலையே பார்த்தவங்க நாங்க" என்பார்கள். லக்சரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், காற்று வறண்டது. வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு வற்றுவது தெரியாது. கழிப்பறை எங்கே இருக்குமோ என்று பெண்கள் பலர் தண்ணீரே குடிப்பதில்லை. நீர் பிரிக்கும் ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் மயக்கம்தான். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போவது நல்லது. நைல் நதியைப் பார்த்ததும் காலை நனைக்கத் தோன்றும், வேண்டாம். நத்தை வழியாகப் பரவும் ஒட்டுண்ணி அந்தத் தண்ணீரில் உண்டு, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும்.

அஸ்வானிலிருந்து அபு சிம்பெல் சுமார் 280 கிலோமீட்டர். அணை நீரில் மூழ்காமல் இருக்க 1964 முதல் 1968 வரை அறுத்து மேலே ஏற்றிக் கட்டிய கோயில், அவசியம் பாருங்கள். ஆனால் விடியும் முன்னே வண்டி கிளம்பும், காலைச் சாப்பாடு பொட்டலமாகக் கைக்கு வரும். சர்க்கரைக்கான கிளிமெபிரைட் மாத்திரையைப் பழக்கப்படி எழுந்ததும் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், வழியிலேயே சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். சாப்பிட உட்காரும்போது மாத்திரை. சட்டைப்பையில் குளுக்கோஸ். இன்சுலின் எப்போதும் கைப்பையில். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்தால் அது வீண்.

கடைசியாக, வலி மாத்திரை. டிரமடால் இங்கே பலருக்கும் எழுதப்படுகிறது. எகிப்தில் அது கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, அனுமதியில்லாமல் கொண்டுபோனால் சிறை வரை போகும். கூட்டு மாத்திரைகளிலும் அது இருக்கலாம், அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். இருந்தால் கிளம்பும் முன்பே வேறு மருந்துக்கு மாற்றிக் கொடுக்கிறேன்; புது மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க இரண்டு வாரமாவது வேண்டும்.