ஸபூர்: எழுத்தா, பாட்டா?

காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ குர்ஆன் மதரஸாவுக்குப் போன பிள்ளையைக் கேட்டால் இறைவன் அருளிய வேதங்களை மூச்சுவிடாமல் சொல்லும்: மூஸா நபிக்குத் தவ்ராத், தாவூத் நபிக்கு ஸபூர், ஈஸா நபிக்கு இன்ஜீல், முஹம்மது நபிக்குக் குர்ஆன். புளியந்தீவில் ஞாயிறு பாடசாலைக்குப் போன பிள்ளைக்கு ஸபூர் என்ற பேரே புதிது. ஆனால் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தொடங்கும் 23ஆம் சங்கீதம் தண்ணீர்பட்ட பாடு. அதுவும் தாவீதின் பேரில் வருவதுதான்; முஸ்லிம்கள் சொல்லும் தாவூத் நபிதான் பைபிளின் தாவீது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மையத்து வீட்டில் 'சபூர் செய்யுங்க' என்று ஆறுதல் சொல்வார்களே, அது இந்தச் சொல் அல்ல. அது ஸப்ர், பொறுமை. அப்துஸ் ஸபூர் என்ற பேரில் வருவதும் அந்த வேர்தான். அரபியில் அதற்கு முதலெழுத்து ஸாத். வேதத்தின் பேருக்கு ஸாய். ஸாயின் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை, அதனால் இரண்டும் ஒரே கோலத்தில் வந்து நிற்கின்றன. சிலர் ஜபூர் என்று எழுதித் தப்பிக்கிறார்கள். நம் பக்கத்தில் ஸபூர்தான் நிலைத்திருக்கிறது.

அரபியில் ஸ-ப-ர என்ற வேருக்கு எழுதுதல் என்று பொருள். ஸபூர் என்றால் எழுதப்பட்டது, ஏடு. இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் இம்ருல் கைஸ், பாழ்பட்டுக் கிடக்கும் குடியிருப்பின் தடங்களை யெமன் நாட்டுப் பேரீச்ச மட்டையில் எழுதிய ஸபூருக்கு ஒப்பிடுகிறார். வெறும் கற்பனை அல்ல. எழுத்துப் பொறித்த பேரீச்ச மட்டைகள் யெமனில் கட்டுக்கட்டாகக் கிடைத்திருக்கின்றன. ஓலையில் எழுதிப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. குர்ஆனிலும் இச்சொல்லின் பன்மையான ஸுபுர், முந்தைய ஏடுகள் என்ற பொதுப் பொருளில் வருகிறது. தாவூதுக்கு ஸபூரைக் கொடுத்தோம் என்று 4:163, 17:55 ஆகிய வசனங்களில் வரும்போதுதான் அது ஒரு தனி வேதத்தின் பேர்.

எபிரேயத்துக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே சங்கீதப் புத்தகத்தின் 150 பாடல்களில் 57-இன் தலைப்பில் மிஸ்மோர் என்ற சொல் இருக்கிறது. நரம்பு மீட்டிப் பாடுவது என்று பொருள். கிரேக்கத்தின் ப்சல்மோசும் மீட்டுதலில் பிறந்ததுதான். மிஸ்மோருக்கு அரபி உறவு மஸ்மூர். அரபுக் கிறிஸ்தவர்கள் சங்கீதங்களை மஸாமீர் என்றுதான் சொல்வார்கள். நபித்தோழர் அபூ மூஸா அல் அஷ்அரீ குர்ஆனை இனிமையாக ஓதக் கேட்ட நபியவர்கள், தாவூத் குடும்பத்தாரின் மிஸ்மார்களில் (குழல்களில்) ஒன்று உமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பாராட்டியதாக ஹதீஸ் உண்டு. ஆக, எழுத்தைக் குறித்த ஸபூர் தாவீதின் நூலுக்கே உரிய பேரானதற்கு, பாட்டைக் குறித்த இந்த மிஸ்மோர் ஒலியில் நெருங்கி நின்றதும் காரணமாக இருக்கலாம் என்று மொழியறிஞர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

மூன்று வேதங்களையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவர்களுக்கு நல்ல தொடக்கம் 37ஆம் சங்கீதம். எபிரேயத்தில் அது நம் ஆத்திசூடி மாதிரி அகர வரிசையில் போகிற பாட்டு. அதன் 29ஆம் வசனம், நீதிமான்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள் என்கிறது. (சுதந்தரித்தல் இங்கே விடுதலை அல்ல, முதுசமாகப் பெறுவது.) அதே பாட்டின் 11ஆம் வசனத்தைத்தான் சாந்தகுணமுள்ளவர்களைப் பற்றிச் சொல்லும்போது இயேசு எடுத்தாளுகிறார், மத்தேயு 5:5-இல். குர்ஆன் 21:105-இலோ, பூமியை என் நல்லடியார்கள் அனந்தரமாகப் பெறுவார்கள் என்று ஸபூரில் எழுதியிருப்பதாக இறைவன் கூறுகிறான். இங்கே ஸபூர் என்பது தாவூதின் வேதமா, எல்லா வேதங்களுமா என்று பழைய தப்ஸீர்களிலேயே (குர்ஆன் விரிவுரைகளிலேயே) இரு கருத்து உண்டு. ஆனால் சொற்கள் ஒட்டி நிற்பதை யாரும் பார்க்கலாம். பூமிக்கு எபிரேயத்தில் எரெட்ஸ், அரபியில் அர்ழ். உரிமையாகப் பெறுவதற்கு அங்கே யராஷ், இங்கே வரிஸ. வாரிசு என்று நாம் சொல்வது இந்த அரபி வேரில் வந்ததுதான். காணி என்றாலே காது நிமிரும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த வசனங்களை எடுத்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது வேறு விஷயம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புரட்டஸ்தாந்தினர் சங்கீதம் என்கிறார்கள். வடமொழிச் சொல்; இன்று அதைக் கேட்டால் கச்சேரிதான் நினைவுக்கு வரும். 1995-இல் வந்த திருவிவிலியம் திருப்பாடல்கள் என்கிறது. கத்தோலிக்கர் பூசையில் இப்போது கேட்பது அந்தச் சொல்தான். யூதர்கள் தங்கள் நூலுக்கு வைத்த பேர் தெஹில்லிம், அதாவது புகழ்கள். அல்லேலூயாவில் இருக்கிற அதே வேர். அதை நேராகத் தமிழாக்கினால் திருப்புகழ் என்று வரும், அந்த இடத்தில் முருகன் முந்திக்கொண்டார்.

பொதுவில் நான் திருப்பாடல் என்றே எழுதுவேன். பாட்டு என்பதும் விளங்கும், புனிதம் என்பதும் விளங்கும். ஆனால் ஸபூர் வருகிற இடத்தில் அதை வைக்கமாட்டேன். தாவூத் நபிக்கு இறைவன் அருளிய மூல வேதத்துக்கே முஸ்லிம்கள் ஸபூர் என்கிறார்கள். இன்று பைபிளில் இருக்கும் 150 பாடல்களும் அப்படியே அதுதான் என்று அவர்கள் கொள்வதில்லை. யூதர்களுக்கும் தெஹில்லிம் அவர்கள் வேதத்தின் முதற்பகுதியான தோராவில் சேராது, கெத்துவிம் என்ற மூன்றாம் பகுதியில் இருக்கிறது. ஆகவே குர்ஆன் வசனத்தைத் தமிழில் எழுதும்போது ஸபூர் ஸபூராகவே இருக்கட்டும், பக்கத்தில் 'தாவூத் நபியின் வேதம்' என்று ஒரு விளக்கம் போதும். பாடல் எண்ணை ஒப்பிடுபவர்கள் மட்டும் கவனிக்கவேண்டும்: லத்தீன் வரிசையில் போகும் பழைய கத்தோலிக்க நூல்களில் 37ஆம் பாடல் 36ஆக இருக்கும்.