பிரபலமான குரலோடு ஒப்பிட்டுப் பாராட்டுவதால் தொண்டைக்கு நேர்வது

குரல் கம்மலுக்காக இலங்கையின் வடக்கே வன்னியில் என்னிடம் சிகிச்சைக்கு வருகின்ற இளைஞர்களுள் கூத்துக் கலைஞர்களும், கோயில் திருவிழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் அறிவிப்புச் செய்பவர்களும் கணிசமாக உள்ளனர். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, ஊரவர்கள் உங்களை யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையே. "அப்படியே வானொலி அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் மாதிரி", "சிவாஜியைப் பார்த்த மாதிரி இருந்தது தம்பி" என்று விடை உடனே வந்துவிடும். அன்போடு சொல்லப்பட்ட அந்தப் பாராட்டைக் காப்பாற்றுவதற்காகவே அவர்கள் தம் இயல்பான சுருதியைக் கீழிறக்கி, தொண்டையை இறுக்கிப் பேசப் பழகிவிடுகிறார்கள்.

வளர்ந்த ஆண் பேசும்போது குரல்நாண்கள் பொதுவாக ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 100 தொடக்கம் 150 தடவைகள் அதிர்கின்றன. அந்த அளவை அவரவர் குரல்நாண்களின் நீளமும் தடிப்புமே பெரிதும் தீர்மானிப்பதால், இன்னொருவரின் கனத்தை வலிந்து வரவழைக்கும்போது நாண்கள் ஒன்றோடொன்று கடுமையாக மோதி வீங்குகின்றன. இது நீடித்தால் அவற்றில் முடிச்சுகள் உண்டாகலாம்.

இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையும் மிகவும் பலவீனமானது. வானொலியிலும் திரையிலும் நாம் கேட்பது ஒலிவாங்கியை நெருங்கிப் பேசிப் பதிவான குரல். பல ஒலிவாங்கிகள், வாய் அருகில் இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளை இயல்பைவிடக் கூட்டியே தருகின்றன. போதாக்குறைக்கு, நடிகருடையதென்று நாம் நம்பும் குரல் சில வேளைகளில் அவருடையதே அல்ல. 1993 இல் வெளிவந்த 'அமராவதி'யில் அஜித்துக்குக் குரல் கொடுத்தவர் அப்போது பெயர் பெற்றிராத விக்ரம். 2018 இல் வெளிவந்த '96' படத்தில் திரிஷாவுக்குப் பேசியவர் சின்மயி. பின்னணிக் குரல் கொடுக்கும் பெரும்பாலானோரின் பெயரை நாம் கேட்டதேயில்லை என்பது எனக்கு நெடுநாளாகவே வருத்தந்தரும் விடயம்.

முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடுபவரின் உழைப்பு முற்றிலும் வேறானது. திறந்த வெளியில், மத்தளத்துக்கும் தாளத்துக்கும் மேலாகத் தன் பாட்டு எடுபட வேண்டும். ஆட்டத்தால் மூச்சு வாங்கும் நிலையிலேயே சொல்லும் தெளிவாக விழ வேண்டும். விடியும்வரை குரல் தாங்கவும் வேண்டும். தவறினால் திருப்பிப் பதிவு செய்ய முடியாத இந்த ஆற்றலைத் திரைக்குரலை வைத்து அளப்பது அவருக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

குரல் மூன்று வாரங்களுக்கு மேல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் கட்டாயம் காட்டுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் மூத்த கலைஞர்கள் இதில் ஒரு நாளும் அசட்டையாக இருக்கக் கூடாது. தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசுவதும் அடிக்கடி செருமுவதும் ஓய்வாகாது, அவை நாண்களை மேலும் வருத்தும். தண்ணீர் போதியளவு குடித்து, பேச்சைக் குறைப்பதே நல்லது. முடிச்சுகள் வந்தவர்களிலும் பலர் சத்திரசிகிச்சை இல்லாமலே குரற்பயிற்சியால் குணமடைகிறார்கள்.

கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பிள்ளையைப் பாராட்டும்போது, எந்த இடத்தில் அவரது பாட்டு உங்களைக் கலங்க வைத்தது, கடைசி வரிசையில் இருந்த உங்களுக்கு எந்த வரி தெளிவாகக் கேட்டது என்று குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.